நகர்ந்த புள்ளி

என் வேலை அறை முழுக்கச் சாம்பல் நிறம். சுவர், கூரை, மேசை, நாற்காலி உறை, ஜன்னல் திரை எல்லாம் சாம்பல். வேலைக்கு உட்காரும்போது நான் போட்டுக்கொள்ளும் சட்டையும் அதே நிறம்தான். சிவப்போ மஞ்சளோ உடுத்திக்கொண்டு உட்கார்ந்தால் அந்த நிறம் மானிட்டரில் பட்டுத் திரும்பும், கண் ஏமாறும், கல்யாணப் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி படம் போய்ச் சேரும். என் வீட்டுக்காரர் இந்த அறைக்கு எலிப்பொந்து என்று பெயர் வைத்திருக்கிறார். மதியம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "எலிக்குப் பசிக்குதா?" என்று கேட்பார். சிரிப்பு வந்தாலும் காட்டிக்கொள்ள மாட்டேன். காட்டினால் அதையே ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் படம் எடுப்பவர். நான் அதைக் கழுவுபவள். கழுவுவது என்பது பழைய நாள் பேச்சு. இப்போது தண்ணீரும் கிடையாது, மருந்தும் கிடையாது. அவருடைய கேமரா எழுதித் தரும் ரா கோப்பை நான் கம்ப்யூட்டரில் திறந்து படமாக்குகிறேன். ரா என்றால் பச்சை. சமைக்காத பண்டம். கேமராவுக்குள் எந்தப் புள்ளியில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்கிற எண்கள் மட்டும்தான் அதில் இருக்கும். அதை அப்படியே பார்த்தால் பச்சை பூத்த ஒரு மங்கல்தான் தெரியும். முகம் எது சுவர் எது என்று எடுத்துத் தருவது என் வேலை.

அதற்கு நான் வைத்திருக்கும் சாஃப்ட்வேர், எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்தும் பார்க்கலாம். இலவசம் என்பதால்தான் முதலில் அதைப் பிடித்துக்கொண்டேன், மறைப்பானேன். அப்புறம் விட மனசு வரவில்லை. அதில் எதுவும் ஒளிவுமறைவாக நடக்காது. படத்துக்குச் செய்த ஒவ்வொரு வேலையும் இடது ஓரத்தில் படிப்படியாக வரிசையில் நிற்கும். வேண்டிய படியை அணைத்துவிட்டு, அது இல்லாமல் படம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். மனிதர்களுடன் பழகும்போது இந்த வசதி இருந்திருந்தால் எங்கள் குடும்பத்தில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

போன மாதம் ஒரு காலையில் தங்கை போன் செய்தாள். நலமா, சாப்பிட்டாயா எதுவும் கிடையாது. எடுத்த எடுப்பில், "அக்கா, மாமா அன்னிக்கு எடுத்த படம் இருக்கா?" என்றாள்.

அன்றைக்கு என்றால் எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அம்மா இறந்த நாள்.

தங்கை வேலை கிடைத்து வெளியூர் கிளம்பியபோது அம்மா, "போனா திரும்பி வராதே" என்றாள். கோபத்தில் வந்த வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் அடுத்த மாதமே ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நின்றிருப்பார்கள். இவள் அம்மாவின் அச்சு. சொன்னதைச் சொன்னபடி பிடித்துக்கொண்டாள். ஐந்து வருஷம் வரவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. நடுவில் நான் ஒருத்தி. இந்தப் பக்கம் போனை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய், "நல்லா இருக்காளாம்" என்று சொல்வேன். "நான் கேட்டேனா?" என்பாள் அம்மா. ஆனால் சொல்லி முடிக்கிற வரைக்கும் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பாள்.

அம்மா படுக்கையில் விழுந்த கடைசி ஒன்றரை வருஷம் நான்தான் பார்த்துக்கொண்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, மாத்திரை கொடுப்பது, திட்டு வாங்குவது. கடைசி மூன்று நாள் அம்மாவுக்கு நினைவே இல்லை. மூன்றாம் நாள் மதியம் தங்கை வந்தாள். கதவோரம் நின்று அம்மாவைப் பார்த்தாள், உடனே முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் கட்டிலின் இந்தப் பக்கம் உட்கார்ந்து அம்மாவின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தேன். வாடி என்றுகூட நான் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் தோளில் கேமராவோடு வந்து சேர்ந்தார். காலையில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தார். அம்மாவையும் இரண்டு பெண்களையும் ஒரே அறையில் பார்த்ததும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அலமாரியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சத்தம் வராமல் ஐந்து படம் எடுத்தார். நான் முறைத்தேன். கேமராவைத் திருப்பிப் பார்த்தவர், "சொதப்பிட்டேன்" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போய்விட்டார். மைதானத்து வெயிலுக்கு வைத்த அளவை மாற்ற மறந்திருக்கிறார். திரை இழுத்து மூடிய அறையில் அந்த அளவுக்கு என்ன விழும்? ஐந்தும் கன்னங்கரேல். அன்று சாயங்காலம் அம்மா போய்விட்டாள்.

"இருக்கு. ஆனா ஒண்ணும் தெரியாதுடி. எல்லாம் இருட்டு" என்றேன் போனில்.

"நீ எடுத்துக் குடு. நீதான் இருட்டுல இருந்தெல்லாம் எடுப்பியே."

"எதுக்கு இப்ப?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "நான் வந்தப்ப அம்மா கண்ணைத் திறந்தாளான்னு தெரியணும். நான் முகத்தை மூடிட்டு அழுதுட்டேன். பாக்காம விட்டுட்டேன். அவ என்னைப் பாத்தாளாக்கா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்."

"மூணு நாளா திறக்காதவ நீ வந்ததும் திறந்துடுவாளா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட தொனி எனக்கே கசந்ததால், "சரி, சனிக்கிழமை வா" என்றேன்.

அவள் வருவதற்கு முன்னாலேயே ஐந்து கோப்புகளையும் திறந்துவைத்தேன். இருட்டான படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு ஏற்றும்போது ஒரு மயக்கம் வரும். எத்தனை வருஷம் செய்தாலும் அது போகவில்லை. முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஜன்னல் திரையின் ஓரத்தில் ஒரு கோடு. திரை சரியாகச் சேராத இடம். அந்தக் கோட்டிலிருந்து கட்டில் சட்டம், போர்வையின் மடிப்பு, தண்ணீர் டம்ளர், என் முதுகு. மதிய நேரம், சாம்பல் சுவர், மின்விசிறி மட்டும் முனகிக்கொண்டிருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்து இது எந்த வீடு, என்ன கிழமை என்று புரியாமல் கிடக்கிற அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அந்த நிமிஷத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். அம்மா இன்னும் மூச்சு விடுகிற ஓர் அறை அங்கே கறுப்புக்குள் ஒரு வருஷமாகக் கிடந்திருக்கிறது. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து மற்றவர்கள் வீட்டுக் கல்யாணங்களைக் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அம்மாவின் முகம் வந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் வந்தது. பெரிதாக்கினேன். நெற்றி, மூக்கு, கொஞ்சம் திறந்த வாய். கண் இருக்கும் இடத்தில் இரண்டு நிழல். ஐந்து படத்திலும் அதே நிழல்தான். மூடிய கண். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. அதை நான் அன்றைக்குக் கண்டுகொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன்.

சனிக்கிழமை தங்கை வந்தாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு ஒரு நாற்காலியை எலிப்பொந்துக்குள் தள்ளிவிட்டு, "உள்ள போறப்ப செருப்பையும் கோவத்தையும் வெளிய விட்டுட்டுப் போம்மா, அங்க இடம் கம்மி" என்றார். அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து நான் அவளைச் சிரிக்க வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஐந்து படத்தையும் காட்டினேன். அறை தெரிந்ததுமே அவள் என் கையைப் பிடித்தாள். "இவ்ளோ வந்திருக்கே!" என்றாள். முகத்தைப் பெரிதாக்கினேன். முன்னால் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூடித்தான் இருக்கு" என்றேன்.

"இன்னும் வெளிச்சம் வராதா?"

"இதுக்கு மேல ஏத்தினா படம் மணல் தூவின மாதிரி சொரசொரன்னு ஆயிடும்."

"கண்ணைத் திறந்த மாதிரி எல்லாம் வரைஞ்சு தராங்களாமே இப்ப, கம்ப்யூட்டரே…"

"வரைஞ்சு தரும். அது அம்மாவா இருக்காது. உனக்கு வேணுமா?"

"வேணாம்" என்றாள் உடனே. அப்புறம் இடது ஓரத்தில் நிற்கும் வரிசையைப் பார்த்து, "இதெல்லாம் என்ன?" என்று கேட்டாள்.

படத்துக்கு நான் செய்த வேலைகள் என்று சொன்னேன். அவள் சின்னப் பிள்ளையில் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு உதை வாங்கியவள், சும்மா விடுவாளா? ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டாள். இது வெளிச்சம் ஏற்றியது, இது நிறம் திருத்தியது, இது மணலைத் தட்டியது. நான் ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டினேன். கடைசியில் அடியில் இருந்த முதல் படிக்கு வந்தாள்.

"இது?"

"அது நான் போட்டதில்ல. தானா ஓடுறது. நம்ம கேமரா பழசு. அதுல வெளிச்சத்தை வாங்கற சென்சார்ல அங்கங்க புள்ளி கெட்டுப்போச்சு. வெளிச்சமே இல்லாட்டியும் பளிச்சுனு எரியும். ஒவ்வொரு படத்துலயும் அதைத் தேடித் தேடி எடுக்க முடியுமா? அதான், பக்கத்துல இருக்கறதைவிட ஒத்தையா பளிச்சுனு இருக்கற புள்ளி எதுவா இருந்தாலும், படத்தைத் திறந்த உடனே எடுத்துடுன்னு வெச்சிருக்கேன்."

"அணைச்சுக் காட்டு."

"அதுல ஒண்ணும் இல்லடி."

"காட்டேன்."

அப்போது திரையில் மூன்றாவது படம் இருந்தது. அணைத்தேன். அறை முழுக்கச் சர்க்கரை கொட்டின மாதிரி புள்ளிகள். வெள்ளை, சிவப்பு, நீலம். சுவரில், போர்வையில், என் முதுகில், அம்மாவின் நெற்றியில். தங்கை திரைக்கு மூக்கு முட்டுகிற அளவுக்குப் போய், "அக்கா, கண்ணுல ஒண்ணு இருக்கு" என்றாள்.

இருந்தது. இடது கண்ணின் நிழலுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"கண்ணு திறந்திருந்தா இப்படித்தானே மின்னும்?"

"நெத்தியிலயும்தான் மின்னுது. நெத்தியைத் திறந்து பாத்தாளா? இது எல்லாமே கெட்ட புள்ளி. பதினெட்டு வருஷமா இதைத்தான் செய்யறேன், எனக்குத் தெரியாதா?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் பின்னால் சாய்ந்தாள். "நீ சொன்னா சரிதான்" என்றாள். என் வீட்டுக்காரர் கொண்டு வந்த காப்பியைப் பாதி குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். வாசலில் நின்று, "போகட்டும், தெரிஞ்சாச்சு இல்ல" என்றாள். தெரிந்துகொண்டவள் முகம் மாதிரி அது இல்லை. தெருமுனை வரைக்கும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து கோப்பை மூடப் போனேன். கை நின்றது. வேலையின் பழக்கம்தான், வேறு எதுவும் இல்லை. கெட்ட புள்ளிக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. அது சென்சாரில் பிறந்தது, ஒரு நாளும் இடம் மாறாது. முதல் படத்தில் எங்கே எரிகிறதோ, ஆயிரமாவது படத்திலும் அங்கேயேதான் எரியும். யார் முகம் அதன் மேல் வந்தாலும் அதற்குக் கவலையில்லை. அதனால் ஒரு புள்ளியைச் சந்தேகப்பட்டால் அடுத்த படத்தில் அதே இடத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. தங்கை பக்கத்தில் இருந்தபோது நான் அதைச் செய்யவில்லை. தோன்றாமல் இல்லை. செய்யப் பிடிக்கவில்லை.

இரண்டாவது படத்தில் அந்தப் படியை அணைத்தேன். நெற்றிப் புள்ளி அப்படியே இருந்தது. போர்வைப் புள்ளிகள் இருந்தன. கண்ணில் இல்லை.

முதல் படத்திலும் இல்லை. ஐந்தாவதிலும் இல்லை.

நாலாவதில் இருந்தது. ஆனால் மூன்றாவதில் இருந்த இடத்தில் இல்லை. மூன்று புள்ளி தள்ளி இருந்தது.

மூன்றையும் நாலையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். தலையணை உறையின் தையல் அசையவில்லை. மூக்கு நுனி அசையவில்லை. சுற்றி எரிந்த நூறு புள்ளியும் ஆணி அடித்த மாதிரி நின்றன. அந்த ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தது. நகர்ந்தது, திரும்பி வந்தது, நகர்ந்தது. திரை இடுக்கில் வந்த வெளிச்சம் அம்மாவின் கண்ணின் ஈரத்தில் பட்டு மின்னியிருக்கிறது. கண் திறந்திருந்தால்தான் அது மின்னும். கண் திரும்பினால்தான் அது நகரும்.

அது நகர்ந்தது கதவுப் பக்கமாக. தங்கை நின்ற பக்கமாக.

ஐந்து வருஷம் வீம்பு பிடித்துக்கொண்டிருந்த அம்மா, மூன்று நாள் எந்தச் சத்தத்துக்கும் அசையாத அம்மா, அந்த அழுகைச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்திருக்கிறாள். முதலில் கூரையைப் பார்த்திருக்கிறாள். அப்புறம் கண்ணைத் திருப்பி மகளைத் தேடியிருக்கிறாள். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் டம்ளரில் பஞ்சை நனைக்கக் குனிந்திருந்தேன். படத்தில் என் குனிந்த முதுகுதான் தெரிகிறது. ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்த்தது ஒரு பழைய கேமரா. அது எழுதிவைத்ததையும் பழுது என்று சொல்லித் துடைத்தது நான் வைத்த விதி.

சாப்பிடக் கூப்பிட வந்த வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எலிக் கதையை ஆரம்பிக்கவில்லை. பின்னால் வந்து நின்றார். காட்டினேன். இரண்டு மூன்று தடவை மாற்றிப் போடச் சொன்னார். "நான்தான் சொதப்பினேன்னு இருந்தேன்" என்றார்.

"நீங்க சொதப்பல. நான்தான்."

"அவகிட்ட சொல்லிடு."

"ம்."

சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. எனக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து வாதாட ஆரம்பித்துவிட்டான். நினைவில்லாதவர்களுக்குக் கண் தானாகத் திறக்கும், தானாகப் புரளும். அதற்கு அர்த்தமே கிடையாது. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு ஒருத்திக்கு ஆசை காட்டலாமா? நல்ல வாதம்தான். மூன்று நாள் அதோடு குடித்தனம் நடத்தினேன். பாத்திரம் தேய்க்கும்போது ஒரு கேள்வி வந்தது. அந்தப் புள்ளி என் பக்கமாக நகர்ந்திருந்தால் எனக்கு இந்தச் சந்தேகமெல்லாம் வந்திருக்குமா? பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஒன்றரை வருஷம் அந்த உடம்பைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கடைசிப் பார்வை அவளுக்கு. வயிறு எரிந்தது. செத்துப்போன அம்மாவிடம் கோபப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தேதான் கோபப்பட்டேன்.

நாலாவது நாள் போன் செய்தேன். "நான் சொன்னது தப்புடி. அது கெட்ட புள்ளி இல்ல. அம்மா கண்ணைத் திறந்திருக்கா" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். மற்றப் படங்களில் அந்த இடத்தில் புள்ளி இல்லை என்று விளக்கினேன். மூன்றாவது படத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

உடனே, "என்னைப் பாத்தாளா?" என்றாள்.

"திறந்திருக்கா. அவ்வளவுதான் தெரியுது."

"போதும்க்கா. போதும். இதுவே போதும்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு ஈட்டியாகக் குத்தியது. பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை முந்தானையில் முடிந்துகொண்ட மாதிரி இருந்தேன். படத்தைத் தாளில் போட்டுத் தரச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

அந்த வேலையை மட்டும் நன்றாகச் செய்தேன். தானாக ஓடும் படியை அணைத்துவிட்டு, கெட்ட புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தேன். நானூற்றுச் சொச்சம் இருந்தன. கண்ணில் இருந்ததை மட்டும் விட்டேன். அறையை ரொம்ப வெளிச்சமாக்காமல், திரை போட்ட மதியம் எப்படி இருக்குமோ அப்படியே நிறுத்தினேன். மூன்றாவதை முடித்ததும் கை தானாக நாலாவதற்குப் போனது. அதையும் முடித்தேன். இரண்டையும் பிரிண்ட் கடைக்கு அனுப்பினேன். நாலாவதை எதற்கு அனுப்புகிறேன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று வேண்டுமானால் சொல்லியிருப்பேன்.

பிரிண்ட் கடைக்காரருக்கு என் வீட்டுக்காரர் வைத்த பெயர் அவசரம். எதற்கும் அவசரப்படாத மனிதர். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றவர் சனிக்கிழமை மதியம்வரை தரவில்லை. தங்கை வந்துவிட்டாள். எலிப்பொந்தில் நான் படத்துக்குச் சட்டமாக வைக்க அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன், அவள் அட்டை நகராமல் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்கிறோம் என்கிற நினைப்பே இதமாக இருந்தது. ஜன்னல் திரை லேசாக ஆடியது. அப்படியே சாயங்காலம்வரை அட்டை வெட்டிக்கொண்டிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

போன் அடித்தது. அவசரம்தான். கையில் கத்தி இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"மேடம், ஒரு சந்தேகம். பேப்பர் ஏத்திட்டேன். நீங்க அனுப்பின ரெண்டு படத்துலயும் அந்த அம்மா கண்ணுல ஒரு வெள்ளைத் தூசி நிக்குது. நீங்க இப்படி விட மாட்டீங்களே, எடுத்துடலாம்னு பாத்தேன். ஆனா ஒண்ணுல ஒரு இடத்துல இருக்கு, இன்னொண்ணுல கொஞ்சம் தள்ளி இருக்கு. ரெண்டையும் எடுத்துடட்டுமா, இல்ல எது தப்புன்னு சொல்றீங்களா?"

தங்கை ஸ்கேலிலிருந்து கையை எடுக்கவில்லை. "ரெண்டு படமா?" என்றாள் மெதுவாக.

ஆமாம் எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. கத்தியைக் கீழே வைத்தேன்.

"எடுக்காதீங்க. அது தூசி இல்ல. ரெண்டும் சரியாத்தான் இருக்கு" என்றேன். தங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "முதல் படத்துல எங்கம்மா கண்ணைத் திறக்கறா. அடுத்ததுல என் தங்கச்சியைப் பாக்கறா."

"சரிங்க மேடம். அப்படியே விட்டுடறேன்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

தங்கை அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டே, "எப்ப சொல்லலாம்னு இருந்த?" என்று கேட்டாள்.

"சொல்லாம இருந்துடலாம்னு இருந்தேன்."

தலையை ஆட்டினாள். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தோளில் தலையைச் சாய்த்தாள்.

"உன் இடத்துல நான் இருந்திருந்தா சொல்லியே இருக்க மாட்டேன்க்கா" என்றாள்.